பழைய ஏடுகளும் நமது வீட்டுப் பரண்களும்



சென்ற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பாரிட் புந்தாரில் இ.டி.எஸ். ரயிலேறிக் கோலாலம்பூர் சென்று, தேசியப் பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள இஸ்லாமியக் கலைப் பொருட்காட்சிசாலையைப் பார்த்து வந்தேன். 1998-ம் ஆண்டில் திறக்கப்பட்ட ஸ்தாபனம் அது. திரும்பி வந்து கடை திறந்த அன்று பக்கத்துக் கடை நண்பர் ஒருவர், "பழைய காகிதத்தைப் பார்க்கவா பாய் காசு கொடுத்து டிக்கட் வாங்கினீர்கள்? நம் கடையில் இல்லாத பழைய காகிதமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்போது நான் பதில் சொல்லவில்லை. கல்லாவில் ஆள் நின்றது ஒரு காரணம். மற்றொரு காரணம், அவர் விளையாட்டாகச் சொன்ன வார்த்தை என் மனத்திலிருந்த பழைய புண் ஒன்றைத் தொட்டுவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவர் கேள்விக்குப் பதில்.

நான் ஆலிமுமல்ல, சரித்திர ஆசிரியனுமல்ல. மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பாடசாலையோடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவன். பார்த்ததையும், பார்த்த பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் நம் வியாபாரிகளுக்கு விளங்கும் விதத்தில் சொல்ல முற்படுகிறேன்.

கையெழுத்துப் பிரதிகள் வைத்திருக்கும் கூடத்தில் நுழைந்ததும் இளைய மகன், "அத்தா, கரண்டு போய்விட்டதா?" என்றான். அவ்வளவு மங்கலான வெளிச்சம். அதற்குக் காரணம் உண்டு. துணிக்கடை வைத்திருப்போருக்கு, கண்ணாடி ஓரம் வைத்த சேலை ஆறு மாதத்தில் வெளுத்துப்போவது தெரியும். ஏட்டிலுள்ள மையும் சாயமும் அப்படித்தான். ஆகவே பழைய ஏடுகளின் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் என்ற அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது உலகமெங்கும் இத்தகைய சாலைகளில் கைக்கொள்ளும் வழக்கம். நமது கடைகளில் எரியும் விளக்குகளின் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே பக்கத்தை வருஷக்கணக்கில் திறந்து வைப்பதும் கூடாது. சில மாதங்களுக்கு ஒரு முறை பக்கத்தைத் திருப்புவார்கள், அல்லது அந்தப் பிரதிக்கு ஓய்வு கொடுத்து வேறொன்றை வைப்பார்கள். பூச்சிக்கும் ஈரத்துக்கும் தனிக் காவல். அக்காலத்து எழுத்தர்களுக்கு இயந்திரம் ஏது? அரபுக் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் முதல் ஏட்டிலோ கடைசி ஏட்டிலோ "யா கபீகஜ்" என்று எழுதி வைத்திருப்பார்களாம். கபீகஜ் என்பது பூச்சி அண்டாத ஒரு செடியின் பெயர். நாளடைவில் அது பூச்சிகளின் ராஜா பெயர் என்று ஜனங்கள் எண்ணி, ராஜாவின் பெயரைக் கண்டால் குடிபடைகள் கிட்ட வரமாட்டார்கள் என்று நம்பினார்கள். அரிசி மூட்டையில் வண்டு விழாமலிருக்க வேப்பிலை வைக்கும் நமக்கு இதைக் கேட்டுச் சிரிக்க அருகதையில்லை.

இத்தகைய ஏடுகளில் மிகப் பிரபலமானது இங்கிலாந்தில் இருக்கிறது. பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில், தோலில் எழுதப்பட்ட இரண்டு குர்ஆன் ஏடுகள். அல்கஹ்பு, மர்யம், தாஹா ஆகிய சூராக்களின் பகுதிகள் அவற்றில் இருக்கின்றன. ஹிஜாஸி என்று சொல்லப்படும் ஆதிகாலத்து எழுத்து. இந்த ஏடுகள் அங்கே போய்ச் சேர்ந்த கதை நமக்கு ருசியானது. நம் கடைகளில் விற்கிறோமே கேட்பரி சாக்லேட், அந்தக் கம்பெனியின் குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்ட் கேட்பரி என்ற வியாபாரி பொருளுதவி செய்ய, இராக்கிய நாட்டில் பிறந்த அல்போன்ஸ் மிங்கானா என்ற அறிஞர் 1920-களில் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பிரயாணம் செய்து கையெழுத்துப் பிரதிகளைச் சேகரித்தார். அவர் பேரால் வழங்கும் சேகரிப்பில் 3,000-க்கு மேற்பட்ட பிரதிகள். அதில் மேற்படி இரண்டு ஏடுகளும் வேறொரு குர்ஆன் பிரதியின் ஏடுகளோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, யார் கண்ணுக்கும் தனியாகப் படாமல் பல்லாண்டுகள் கிடந்தன. எழுத்து வேறாக இருக்கிறதே என்று ஆராய்ச்சி மாணவி ஒருவர் கவனித்த பிறகுதான் தோலின் ஒரு துணுக்கை ஆக்ஸ்போர்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 2015 ஜூலையில் முடிவு வெளியாயிற்று. அந்தத் தோல் கி.பி. 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டது என்று நூற்றுக்கு 95.4 பங்கு நிச்சயத்துடன் சொன்னார்கள். நமது ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் வபாத்தானது 632-ல் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வருஷம் அக்டோபரில் அந்த ஏடுகளைப் பொதுஜனப் பார்வைக்கு வைத்தார்கள்.

தோலின் வயதை எப்படிக் கணக்கிட்டார்கள்? உயிருள்ள எதுவும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கரியை எடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கரியில் ஒரு சிறு பகுதி, தானே கரைந்து போகும் தன்மையுள்ள தனிவகை. ஆடு உயிரோடிருக்கும் வரை வரத்தும் செலவும் சமம். அறுத்த அன்று வரத்து நின்றுவிடும், செலவு மட்டும் நிற்காது. சுமார் 5,730 ஆண்டுகளில் இருப்பு சரிபாதியாகக் குறையும். சரக்கு வராமல் நின்றுபோன கடையில் மிச்சமிருக்கும் இருப்பை எண்ணி, எந்தத் தேதியில் வரத்து நின்றது என்று கணக்குப்பிள்ளை கண்டுபிடிப்பது போலத்தான். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தக் கணக்கு ஆடு அறுத்த காலத்தைச் சொல்லுமேயன்றி, அதன் தோலில் எழுதிய காலத்தைச் சொல்லாது. தோலைப் பதப்படுத்திச் சில காலம் வைத்திருந்து எழுதியிருக்கலாம். அதனால்தான் எழுத்தின் போக்கை வைத்துச் சற்றுப் பிந்திய காலம் சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். பத்திரிகைகள் அப்போது இந்த நுட்பத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பெரிய எழுத்தில் போட்டன. நமது ஈமான் ஓர் ஆய்வுக்கூடத்தின் சீட்டுக்காகக் காத்து நிற்பதல்ல. ஆனாலும் அந்த ஏட்டில் நாம் வெள்ளிக்கிழமை தோறும் ஓதும் கஹ்பு சூராவின் ஆயத்துகளை, பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய கையெழுத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறது என்றால், யார் மனம்தான் உருகாது!

இதே பிரதியைச் சேர்ந்தவை என்று கருதப்படும் 16 ஏடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவை போய்ச் சேர்ந்தது எகிப்தில் புஸ்தாத் நகரத்திலிருந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) பள்ளிவாசலிலிருந்து. இங்கேதான் சகோதரர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இருக்கிறது. ஓதி ஓதி நைந்துபோன குர்ஆன் ஏடுகளை அக்காலத்துப் பள்ளிவாசல்களில் கண்டபடி எறிய மாட்டார்கள். ஓர் ஒதுக்கிடத்தில் சேர்த்து வைப்பார்கள். ஏமன் தேசத்து சன்ஆ நகரப் பெரிய பள்ளிவாசலில் 1972-ல் கூரையைப் பழுதுபார்த்த வேலையாட்கள், கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் மக்கிய தோலும் காகிதமுமாக ஒரு குவியலைக் கண்டார்கள். அவர்களுக்கு அது குப்பை. சாக்குகளில் கட்டி வைத்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது, ஏறக்குறைய ஆயிரம் குர்ஆன் பிரதிகளின் பகுதிகள் அதிலே இருந்தன. அவற்றில் சில ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒருவருக்கும் வேண்டாம் என்று பரணில் ஏற்றியது, பிற்காலத்தில் உலகமே வந்து பார்க்கும் பொக்கிஷமாயிற்று.

புஸ்தாத் நகரத்திலேயே யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்றில் இதே போன்ற ஓர் ஒதுக்கறை இருந்தது. ஆண்டவன் பெயர் எழுதிய காகிதத்தை அழிக்கக்கூடாது என்பது அவர்கள் விதி. அக்காலத்தில் வியாபாரக் கடிதம்கூட ஆண்டவன் பெயரோடுதானே தொடங்கும்? ஆகவே வேதப் பிரதிகளோடு கடிதம், கணக்கு, பற்றுச்சீட்டு, திருமண ஒப்பந்தம் எல்லாம் அந்த அறையில் விழுந்தன. 1896-97-ல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கு போய் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குக் கொண்டுவந்தார். சுமார் 1,93,000 துண்டுகள் அங்கே இருக்கின்றன. வேதத்தைத் தேடிப் போனவர்கள் கையில் வியாபாரம் அகப்பட்டது. 12-ம் நூற்றாண்டில் மங்களூரில் பட்டறை வைத்திருந்த ஆபிரகாம் பின் யிஜு என்ற வியாபாரிக்கு ஏடன் துறைமுகத்துக் கூட்டாளி எழுதிய கடிதங்களைப் படித்தால் நம் ஆட்கள் எழுதியதோ என்று தோன்றும். மிளகு எவ்வளவு வந்தது, இரும்பு எந்தக் கப்பலில் வந்தது, எந்தக் கப்பல் முழுகிற்று, யார் பணம் பாக்கி என்பதே பேச்சு. இங்கே நல்ல காகிதம் கிடைக்காதாகையால் ஏடனிலிருந்து வெள்ளைக் காகிதத்தை அன்பளிப்பாக அனுப்புவார்கள். இன்று இந்து மகா சமுத்திர வியாபாரச் சரித்திரம் எழுதுவோர் அந்தக் கடிதங்களைப் பாராமல் எழுத முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கடிதங்களின் பாஷை அரபு, எழுத்து மட்டும் எபிரேயம். நமது முன்னோர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்களே, அந்த அரபுத் தமிழுக்கு நேர் உடன்பிறப்பு.

இனிக் கள்ளச் சரக்கைப் பற்றி. எந்தப் பண்டத்துக்கு விலை ஏறுகிறதோ அதற்குப் போலி வருவது சந்தை விதி. 1947 வாக்கில் சவக்கடல் ஓரத்துக் குகையில் ஆடு மேய்த்த நாடோடி அரபுப் பையன்கள் ஜாடிகளுக்குள் தோல் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். யூத வேத நூல்களின் மிகப் பழைய பிரதிகள் அவை. பெத்லஹேமில் செருப்புத் தைக்கும் தொழிலோடு பழம்பொருள் விற்பனையும் செய்த ஒருவர் கைக்கு முதலில் சில சுருள்கள் போயின. 1954-ல் அவற்றில் நான்கை, "விற்பனைக்கு" என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வரிவிளம்பரமாகப் போட்டு 2,50,000 டாலருக்கு விற்றார்கள். இந்தப் புகழைப் பார்த்துப் பின்னாளில் துண்டு துண்டாகப் புதிய "சவக்கடல் ஏடுகள்" சந்தைக்கு வந்தன. வாஷிங்டன் நகரில் 2017-ல் பெரும் பொருட்செலவில் திறக்கப்பட்ட பைபிள் பொருட்காட்சிசாலை அப்படி 16 துண்டுகளை வாங்கி வைத்திருந்தது. 2020 மார்ச்சில், பதினாறும் போலி என்று அந்தச் சாலையே பகிரங்கமாக அறிவித்தது. பழங்காலத்துத் தோல்தான், ஆனால் ஏடு செய்யும் தோலல்ல. பழைய செருப்புத் தோலாக இருக்கலாம் என்றார்கள் நிபுணர்கள். எழுத்து நம் காலத்தது. தோலின் விரிசலுக்குள் மை வழிந்து இறங்கியிருந்ததே காட்டிக்கொடுத்தது. அசலாயிருந்தால் எழுதிய பிறகல்லவா விரிசல் விட்டிருக்கும்?

அந்தச் சாலையை நிறுவிய குடும்பத்தின் கம்பெனி, இராக்கிலிருந்து களவாகக் கடத்தப்பட்ட களிமண் எழுத்துப் பலகைகளை வாங்கிய விவகாரமும் உண்டு. 2017-ல் 30 லட்சம் டாலர் கட்டி, ஆயிரக்கணக்கான பொருட்களையும் ஒப்படைக்க நேர்ந்தது. பார்சலின் மேல் என்ன எழுதி வந்தது தெரியுமா? "ஓடுகள், மாதிரி" என்று! சுங்கத்துக்குப் பொய்ச் சீட்டு எழுதிய சரக்கு எத்தனை புனிதமானதாயினும் கள்ளச் சரக்குதான். இதை நம் வியாபாரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தேவை இருக்கிறது என்றே நினைக்கிறேன். நம் பக்கத்திலும் இருநூறு வருஷத்துக் குர்ஆன், மான்தோலில் தங்க மையால் எழுதியது என்று துணியில் சுற்றி ஆசை காட்டுவோர் கடைக்கடையாக வருவதுண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். "யாருடைய வீட்டிலிருந்தது? அவருக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேட்டால் பரக்கத்துப் போய்விடும்" என்றார். பத்து மூட்டை அரிசி இறக்கினாலே எந்த ஆலை, எந்த லாரி என்று கேட்கிறவர்கள் நாம். இதற்கு மட்டும் கேட்கக்கூடாதா? ஒரு பழம்பொருளின் பாதி மதிப்பு அது எங்கிருந்து, யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாற்றில் இருக்கிறது. அது அறுந்துபோனால் அசல் பொருளும் ஊமையாகிவிடும்.

அப்படி ஊமையான அசல் பொருள் ஒன்று நம்முடையதே. நியூஸிலாந்து தேசத்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரியார் வாங்கரே என்ற ஊருக்கு அருகில் போனபோது, அந்நாட்டு மவோரிப் பெண்கள் வெண்கலப் பாத்திரம் ஒன்றில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமல்ல, கவிழ்த்து வைத்த மணி. புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார். அதன் மேல் சுற்றிலும் எழுத்துகள். என்ன பாஷை என்று பல காலம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது, அது தமிழ்! "முகையதீன் வக்குசு உடைய கப்பல் மணி" என்பது வாசகம். கப்பல் உடைமையாளரான ஒரு தமிழ் முஸ்லிமின் மணி, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து உலகத்தின் மறுகோடிக்குப் போய் உருளைக்கிழங்கு அவித்துக் கொண்டிருந்தது. இப்போது வெலிங்டன் நகரத்திலுள்ள 'தே பாப்பா' தேசியப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. ஒரு சாண் உயரம்கூட இராது, விளிம்பும் உடைந்தது.

அந்த முகையதீன் வக்குசு எந்த ஊர்க்காரர்? நாகப்பட்டினமா, காயல்பட்டினமா, கீழக்கரையா? கப்பல் பேர் என்ன, எந்தத் துறைக்குப் புறப்பட்டது? எழுத்தின் வடிவத்தை வைத்து ஐந்நூறு வருஷம் என்பாரும் உண்டு, அவ்வளவு பழமையல்ல என்பாரும் உண்டு. ஏதோ ஒரு வீட்டில் அந்தக் கப்பலின் கணக்குப் புத்தகம் இருந்திருக்கும். நம்மவர்கள் கணக்கு எழுதாமல் கப்பல் விடுவார்களா? அந்த ஒரு புத்தகம் மிஞ்சியிருந்தால் மணி பேசியிருக்கும்.

நமது ஊருக்குப் பக்கத்திலும் இந்தப் பாடம் உண்டு. பாரிட் புந்தாரில் ஆற்றைத் தாண்டிச் சிறிது தூரம் வடக்கே போனால் செபராங் பிறை. ஆங்கிலேயர் அதை வெல்லெஸ்லி மாகாணம் என்றார்கள். ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி 1834-ல் அங்கே ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன், பிரயாணம் நலமாக முடியவேண்டும் என்று வேண்டி வெட்டிவைத்த கல் அது. சுமார் 5-ம் நூற்றாண்டு. அவன் பௌத்தன், நாம் முஸ்லிம்கள். ஆனால் கப்பல் ஏறுகிறவனின் நெஞ்சம் ஒன்றுதானே! அந்தக் கல் இங்கே இல்லை, கல்கத்தாப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் மெர்போக்கில் ஒரு பொருட்காட்சிசாலை வைத்து, அப்பகுதியில் தோண்டியெடுத்த பழைய கட்டிடங்களையும் பொருட்களையும் காப்பாற்றி வருகிறார்கள். கெடா மாநிலம்தான், மோட்டாரில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். அப்படியிருந்தும் 2013-ல் அப்பள்ளத்தாக்கில் 11-ம் எண்ணிட்ட சண்டி என்ற பழைய கட்டிடத்தின் இடிபாட்டை, வீடு கட்ட நிலம் சீர்செய்தவர்கள் இயந்திரத்தால் இடித்துத் தள்ளிவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்று சட்டப்படி பதிவாகவில்லை. செய்தி வெளிவந்தபோது கட்டிடம் இல்லை.

இடித்தவர்களை நானும் அப்போது கடையில் உட்கார்ந்து ஏசினேன். இனி என் விஷயத்தைச் சொல்கிறேன்.

என் அத்தா மௌத்தான வருஷம், கடையின் மாடிப் பரணைச் சுத்தம் செய்தோம். பாட்டனார் காலத்துத் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. திறந்தால் இராமபாணம் தின்ற குர்ஆன் ஜுஸுக்கள், அரபுத் தமிழ்க் கிதாபுகள், கையால் எழுதிய நோட்டுகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள். எல்லாம் அரபு எழுத்து. அரபு எழுத்தென்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எனக்கு நினைப்பு. காலில் படக்கூடாது, குப்பையில் போகக்கூடாது. வெள்ளைத் துணியில் கட்டி, கல் வைத்து, பிஸ்மி சொல்லி, படகில் போய்க் கெரியான் ஆற்றில் இறக்கிவிட்டேன். பெரிய மரியாதை செய்துவிட்டதாக மனத்திருப்தியோடு வீடு திரும்பினேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் பினாங்கிலிருந்து பெரியத்தா வந்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும், "தம்பி, பரண்மேல் உங்க பாட்டனார் பெட்டி இருக்குமே, அதைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வா. ஜப்பான்காரன் காலத்தில் அவர் எழுதிவைத்த கணக்கு அதில் இருக்கிறது. தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்த அரிசி, அவர்கள் பேர், ஊர் எல்லாம் இருக்கும். எழுத்து தெரிகிற யாரையாவது வைத்துப் படிக்கவேண்டும்" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அதில் சயாம் ரயில் போட்ட இடத்துக்குப் போய்த் திரும்பாத ஆட்கள் பேரும் இருந்தது" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் அவரும் மௌத்தாகிவிட்டார். அந்தப் பெயர்களை இனி யாரைக் கேட்பது?

நைந்துபோன குர்ஆன் ஏடுகளைக் கண்ணியமாக அப்புறப்படுத்த மார்க்கம் வழி சொல்லியிருக்கிறது. சுத்தமான இடத்தில் அடக்கம் செய்யலாம் என்றும், எரித்துவிடலாம் என்றும் ஆலிம்கள் சொல்கிறார்கள். ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் ஒரே சீரான பிரதிகளை எழுதி அனுப்பிய பிறகு மற்றவற்றை எரிக்கச் சொன்னார்கள் என்று புகாரியில் வருகிறது. உங்கள் ஊர் இமாமைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். என் பிழை அங்கே இல்லை. அச்சில் வந்த ஜுஸுவையும் கையால் எழுதிய கணக்கையும் ஒரே கட்டாகக் கட்டினேனே, அதுதான் பிழை. அச்சுக் குர்ஆன் ஒன்று போனால் கடையில் ஆயிரம் கிடைக்கும். கையால் எழுதியது உலகத்தில் அது ஒன்றுதான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816-1898) போன்ற பெரியோர்கள் அரபுத் தமிழில் கிதாபுகள் எழுதிய காலத்தில், நம் பாட்டன் பாட்டிமார் கடிதத்தையும் கணக்கையும் அதே எழுத்தில்தான் எழுதினார்கள். அரபு எழுத்தாயிருப்பதாலேயே ஓதும் கிதாபு என்று எண்ணி ஆற்றில் விடுகிறோம். தமிழாயிருப்பதால் அரபு மட்டும் படித்தவருக்கு விளங்குவதில்லை, அரபு எழுத்தாயிருப்பதால் தமிழ் மட்டும் படித்தவருக்குத் தெரிவதில்லை.

ஆகவே பரண்மேல் பெட்டி இருப்போர் முதலில் அதைத் தரைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கூரைச் சூடும் ஒழுக்கும் பரணில்தான் அதிகம். வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள். கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டவேண்டாம், அந்தப் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். அடையாளச் சீட்டுக்குச் செய்வது போலப் பிளாஸ்டிக் உறைக்குள் சூடுபோட்டு மூடுவது அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே முடியாது. வெயிலில் காயவைக்கவும் கூடாது. கையுறை தேவையில்லை, கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். வெள்ளத்தில் நனைந்துவிட்டால், நம் கடைகளில் ஐஸ்கிரீம் வைக்கும் உறைபெட்டி இருக்கிறதே, அதில் பையோடு வைத்துவிடுங்கள். இரண்டு நாளைக்குள் உறையவைத்தால் பூஞ்சை பிடிக்காது, பிறகு தெரிந்தவர்களைக் கேட்டு உலர்த்தலாம். பழைய கரிமை தண்ணீர் பட்டால் கரையும் என்பதை மறக்கவேண்டாம்.

கைத்தொலைபேசியால் ஒவ்வொரு பக்கத்தையும் நிழல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால், இது இன்னார் எழுதியது, இன்ன ஊர், எங்கள் கைக்கு இப்படி வந்தது என்று நாலு வரி எழுதி உடன் வையுங்கள். பேனா மை ஏட்டில் ஊறும், பென்சில் ஊறாது. முகையதீன் வக்குசின் மணிக்கு இல்லாமற்போனது அந்த நாலு வரிதான்.

என் வீட்டில் எல்லாம் போகவில்லை என்பது போன ரமளானில்தான் தெரிந்தது. நிபோங் திபாலில் இருக்கும் லாத்தா சமையலறை இழுப்பறையில் பாட்டனாரின் நோட்டு ஒன்றை வைத்திருந்தார். பின்பக்கங்கள் வெறுமையாக இருந்ததால் எங்கள் உம்மா அதில் மசாலாப் பொடிக்கு அளவு எழுதி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கறை படிந்த அந்த நோட்டின் முன்பக்கம் 41 பக்கம் அரபுத் தமிழ்க் கணக்கு. மதரஸாவில் ஓதியதைக் கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன். முதல் பக்கத்தில் 1951 என்ற வருஷம் தெரிகிறது. 'அரிசி', 'கருவாடு', 'மண்ணெண்ணெய்' என்ற சொற்களும் சில ஆட்களின் பெயர்களும் தெரிகின்றன. மற்றவை பாட்டனாரின் அவசரக் கையெழுத்தில் புள்ளியில்லாமல் ஓடுகின்றன.

அங்கத்தினர்களில் மூத்தவர்கள் யாருக்கேனும் அந்தக் காலத்துக் கைவாகு பழக்கமிருந்தால் தயவுசெய்து கடைக்கு வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் இராது. நோட்டு கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில், வெள்ளைக் காகித உறையில் இருக்கிறது. பக்கத்துக் கடை நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பாட்டனார் பெயரும் பற்றில் இருக்கிறதா பார்க்கவேண்டுமாம்.